கவ்வாத்துக் கத்தியும் திருவிருந்து மேசையும்: கிறிஸ்தவன் ஆயுதம் எடுக்கலாமா?

இஸ்தோப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பேச்சு உக்ரைன், காசா என்று போய், கடைசியில் கிறிஸ்தவன் யுத்தத்தை ஆதரிக்கலாமா என்பதில் வந்து நின்றது. ஒருவர் அதிகாரிக்கு வாள் உண்டு என்கிற ரோமர் 13ஐ எடுத்தார், இன்னொருவர் மறு கன்னத்தைக் காட்டு என்கிற மத்தேயு 5ஐ எடுத்தார், அப்புறம் வழக்கம் போலக் குரல் உயர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது உக்ரைன் கேள்வி இல்லை, என் தாத்தாவின் கேள்வி.

தாத்தா பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் உபதேசியார். கிழமை நாளில் மலையில் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடி வெட்டுவது, ஞாயிறில் தகரக் கூரைக் கோயிலில் வேதம் வாசிப்பு. 83 ஜூலை கடைசியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், பதுளை டவுனில் கடைகள் எரிந்தபோது புகை எங்கள் மலைக்கே தெரிந்ததாம். அன்று இரவு லயத்துக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்ததும் பெண்களையும் பிள்ளைகளையும் தேயிலைக்குள் படுக்க வைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டிக்குக் கால் வீங்கி நடக்க முடியாது, அதனால் அவரைக் காம்பரா அறைக்குள் விட்டுவிட்டு தாத்தா இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், நின்றார், கவ்வாத்துக் கத்தியை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி. மண்ணெண்ணெய்ப் போத்தலோடு படியேறியவனின் கையில் ஒரு வெட்டு. போத்தல் உடைந்தது, அவன் அலறினான், கூட வந்தவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். லயத்தின் மறு கோடியில் மூன்று காம்பரா எரிந்தது. எங்களுடையது எரியவில்லை.

அதற்குப் பிறகு தாத்தா கோயில் மேசையில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து எடுக்கவில்லை. வேதம் வாசிப்பதையும் விட்டுவிட்டு கடைசி வாங்கில் உட்கார்ந்தார். சபைப் போதகர் ஐயர் வீட்டுக்கு வந்து, உபதேசியார், நீங்கள் செய்ததில் பாவமில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். தாத்தா சொன்ன பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்: "திரும்ப வந்தாலும் வெட்டுவேன் ஐயா. அதனாலதான் மேசைக்கு வரல."

அவர் செய்தது சரியா? வசனத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போகாமல் யாராவது யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

---

மலைமுகடு எழுதியது:

தம்பி, உங்கள் தாத்தாவை நான் நியாயம் தீர்க்க மாட்டேன், அந்த இடத்தில் நான் நின்றதில்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும், கிறிஸ்தவனுக்கு ஆயுதம் இல்லை. கெத்செமனே தோட்டத்தில் பேதுரு எதற்காகப் பட்டயத்தை, அதாவது வாளை, உருவினான்? தன் காணிக்காகவா, சம்பளத்துக்காகவா? தேவனுடைய குமாரனைக் காப்பாற்ற. உலகத்தில் நியாயமான தற்காப்பு என்று ஒன்று இருந்தால் அதைவிட நியாயமானது இருக்க முடியுமா? அதற்கே ஆண்டவர் பட்டயத்தை உறையில் போடு என்றார். அதோடு விடவில்லை, வெட்டுப்பட்ட காதைத் தொட்டுச் சுகமாக்கினார், அது லூக்காவில் மட்டும்தான் வருகிறது. வெட்டியது பேதுரு, வெட்டுப்பட்டவன் பெயர் மல்குஸ் என்று எழுதியது யோவான்.

முதல் மூன்று நூற்றாண்டு எழுத்துகளைப் பார்த்தால் சபையின் சத்தம் பெரும்பாலும் ஒரு பக்கம்தான். பேதுருவின் கையிலிருந்து பட்டயத்தை இறக்கியபோது ஆண்டவர் ஒவ்வொரு போர்ச்சேவகனின் கச்சையையும் அவிழ்த்துவிட்டார் என்று தெர்த்துல்லியன் எழுதினார். 295ல் வட ஆபிரிக்காவில் மாக்சிமிலியன் என்ற 21 வயது இளைஞன், நான் கிறிஸ்தவன், படையில் சேர முடியாது என்று சொல்லித் தலையைக் கொடுத்தான். ரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் வந்த பிறகுதான் சபைக்குக் கத்தி பிடித்துப்போனது.

---

டிக்கோயா வாசகன் எழுதியது:

மலைமுகடு அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. மறு பாதி, அதே லூக்காவில் அதே 22ஆம் அதிகாரத்தில் வஸ்திரத்தை விற்றாவது பட்டயம் வாங்கு என்றும் வருகிறது. (இரண்டு பட்டயம் இருக்கிறது என்றதும் "போதும்" என்றார். பதினொரு பேருக்கு இரண்டு பட்டயம் போதும் என்றால் அது படை திரட்டுகிற பேச்சில்லை, ஒத்துக்கொள்கிறேன்.) யோர்தானுக்கு வந்த போர்ச்சேவகரிடம் யோவான் ஸ்நானகன் வேலையை விடு என்று சொல்லவில்லை, மிரட்டிப் பறிக்காதே, சம்பளத்தோடு திருப்தியாக இரு என்றார். கொர்நேலியு நூற்றுக்கதிபதி, அவனிடமும் பேதுரு பட்டயத்தைக் கழற்று என்று கேட்டதாக எழுதியில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்த விஷயத்தில் ஆட்கள் நினைப்பதற்கு நேர் தலைகீழாக ஒன்று இருக்கிறது. நம் ஆட்கள் பொதுவாக என்ன சொல்வார்கள்? என்னைக் காப்பாற்ற நான் அடிக்கலாம், யுத்தம்தான் தப்பு என்று. ஆதிச் சபையின் பெரிய போதகர் அகுஸ்தீன் மாற்றிச் சொன்னார். அதிகாரம் உள்ளவர் நியாயமான காரணத்துக்கு நடத்தும் யுத்தத்தில் கிறிஸ்தவன் போரிடலாம், ஆனால் தன் சொந்த உயிரைக் காப்பாற்றுவதற்காக இன்னொருவனைக் கொல்வதை ஏற்கமாட்டேன் என்று புப்ளிகோலா என்பவருக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அவருக்குப் பிரச்சினை கத்தி இல்லை, தன்மேல் வைக்கிற ஆசை. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்வினாஸ் வந்துதான் தனி மனிதனின் தற்காப்புக்கு இடம் கொடுத்தார், அதுவும் நோக்கம் கொலையாக இருக்கக் கூடாது, தேவைக்கு மேல் பலம் பயன்படுத்தக் கூடாது என்ற கட்டோடு. இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2265ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், பிறர் உயிருக்குப் பொறுப்பானவனுக்குத் தற்காப்பு உரிமை மட்டுமில்லை, கடமை என்கிறது.

இஸ்தோப்பு, உங்கள் தாத்தா தனக்காக நிற்கவில்லை. தேயிலைக்குள் அவரும் படுத்திருக்கலாம். நடக்க முடியாத மனைவிக்காக நின்றார். ஒரே வெட்டு, கையில், ஓடினவனைத் துரத்தவில்லை. அகுஸ்தீனிடம் போனாலும் அக்வினாஸிடம் போனாலும் பெரிதாகக் குறை சொல்ல மாட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

---

ரயில்பாதை எழுதியது:

கோர்ட் வாசலில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சின்னதாக ஒன்று. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையில் 89 முதல் 99 வரை தற்காப்பு உரிமைதான். அங்கேயும் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று இருக்கிறது. அக்வினாஸ் சொன்னது போலவே.

பழைய ஏற்பாட்டில் யாத்திராகமம் 22ஐயும் பாருங்கள். இரவில் கன்னமிடுகிற, அதாவது சுவரை உடைத்து நுழைகிற, திருடனை அடித்து அவன் செத்தால் இரத்தப்பழி இல்லை, ஆனால் சூரியன் உதித்த பிறகு என்றால் இரத்தப்பழி உண்டு. பகலில் ஆளைப் பார்க்கலாம், நாலு பேரைக் கூப்பிடலாம், அதனால் கொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று நான் வாசிக்கிறேன். 83 ஜூலையில் நம் ஆட்களுக்குப் பகலிலும் கூப்பிட யாரும் இருக்கவில்லை, அது வேறு கதை.

---

பனிக்குல்லா எழுதியது:

வசனத்தால் ஆளை ஆள் வெட்டாமல் போகிறதே, இந்த இழைக்கு ஆசீர்வாதம்தான் 😀

எங்கள் கோயில் சுவரில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது, முதலாம் உலக யுத்தத்தில் செத்த வெள்ளைக்காரத் துரைமாரின் பெயர்கள். தோட்டத் துரைமாரின் ரைபிள் படை ஒன்று 1914 ஒக்டோபரில் இங்கேயிருந்து கப்பல் ஏறிப் போனது. வருடா வருடம் தகட்டைப் பிராசோ போட்டுப் பளபளவென்று துடைக்கிறது நாங்கள்தான். அதே துரைமார் காலத்தில், 1940 ஜனவரியில், சம்பளம் கேட்டுப் போராடிய முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தனைப் பொலிஸ் சுட்டது. அவருக்கு எந்தக் கோயிலிலும் தகடு கிடையாது. யார் செத்தால் யுத்த வீரன், யார் செத்தால் கலகக்காரன் என்று தீர்மானித்ததெல்லாம் சபையா, சம்பளம் கொடுத்தவனா?

---

கொழுந்துக்கூடை எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எல்லோரும் அகுஸ்தீன், ரோமர் என்று யுத்தத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மறு கன்னத்தைக் காட்டு என்ற வசனம் எங்கள் லயத்தில் யாரிடம் சொல்லப்படுகிறது தெரியுமா? எந்தச் சிப்பாயிடமும் இல்லை, சம்பள நாள் இரவில் அடி வாங்குகிற பொம்பளையிடம்தான்.

என் அக்கா முறையான ஒருத்தி எட்டு வருடம் அடி வாங்கினாள். போதகரிடம் போனாள், ஜெபம் பண்ணும்மா, பொறுத்துப் போம்மா, கர்த்தர் அவரை மாற்றுவார் என்றார். காலையில் வீங்கின முகத்தோடு மலைக்கு வருவாள், கங்காணி பேசாமல் அவளுக்குக் கடைசி நிரையைக் கொடுப்பார், யார் கண்ணிலும் படாமல் எடுக்கட்டும் என்று. ஒரு நாள் அவன் பிள்ளையின் தலைமயிரைப் பிடித்துத் தூக்கியபோது, அடுப்பிலிருந்த கொள்ளிக் கட்டையை எடுத்து அவன் தோளில் வைத்துவிட்டாள். அன்றோடு அடி நின்றது. அடுத்த மாதம் மாதர் சங்கத்தில் அவளைப் பாடல் நடத்த விடவில்லை, சாட்சி கெட்டுப்போச்சாம். எட்டு வருடம் அடித்தவன் காணிக்கைத் தட்டு எடுத்துக்கொண்டுதான் இருந்தான்.

அண்ணன்மாரே, அந்த வசனத்தில் வலது கன்னத்தில் அறைந்தால் என்றுதான் இருக்கிறது. வலது கைக்காரன் எதிரில் நிற்பவனின் வலது கன்னத்தில் அறைய வேண்டுமென்றால் புறங்கையால்தான் அறைய முடியும். புறங்கையால் அறைவது அவமானப்படுத்த, எசமான் அடிமைக்குச் செய்வது. அவமானத்துக்குப் பழி வாங்காதே என்பது ஒன்று, கழுத்தை நெரிக்கிறவனுக்குக் கழுத்தைக் காட்டு என்பது வேறொன்று. கிறிஸ்தவன் யுத்தத்தை ஆதரிக்கலாமா என்று கேட்பதற்கு முன்னால், அடிக்கிறவனைச் சபை ஏன் இவ்வளவு லேசாக ஆதரிக்கிறது என்று கேளுங்கள்.

---

மலைமுகடு எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். வாங்குகிறவளிடம் பொறு என்று சொல்லிவிட்டு அடிக்கிறவனைத் தட்டு எடுக்க விட்டது துரோகம், அதற்கு வேறு பெயர் இல்லை. நானும் சில வீடுகளில் போய் ஜெபம் பண்ணிவிட்டு மட்டும் வந்திருக்கிறேன். அவள் வைத்த கொள்ளிக்கட்டைக்கு நான் எதிராகப் பேச மாட்டேன்.

ஆனாலும் என் நிலை மாறவில்லை. தடுப்பது வேறு, கொல்லத் துணிவது வேறு. 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டோடு வந்தவனை வாசலிலேயே சந்தேகப்பட்டு, உள்ளே விடாமல் வெளியே நிறுத்தினாரே ஒரு சகோதரன், அவர் கையில் எதுவும் இல்லை. அவர் உயிரும் போனது, ஆனால் உள்ளே இருந்த எத்தனையோ பேர் பிழைத்தார்கள். சாந்தமாக இருப்பது என்றால் மூலையில் உட்கார்ந்திருப்பது என்று யார் சொன்னது?

---

ரயில்பாதை எழுதியது:

நல்ல உதாரணம் அண்ணன், ஆனால் அதையே கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம். 2019க்குப் பிறகு வந்த உயிர்ப்பு ஞாயிறுகளில் கோயில் கேட்டில் துவக்கோடு நின்றது யார்? பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போய், சமாதானம் உங்களோடிருப்பதாக என்று பாடினோம். நானும் பாடினேன். என் கையில் துவக்கு இல்லை, ஆனால் எனக்காக ஒரு பொடியன், அதுவும் பெரும்பாலும் பௌத்தப் பொடியன், வெயிலில் துவக்கோடு நிற்கிறான். அவன் சுட்டால் பாவம் அவனுக்கு, பாதுகாப்பு எனக்கு. ஆயுதம் வேண்டாம் என்கிறவர்கள் முதலில் கேட்டிலிருப்பவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பத் தயாரா?

---

மலைமுகடு எழுதியது:

உண்மையைச் சொன்னால், தயாரில்லை. என் பேரப்பிள்ளைகள் ஞாயிறு பாடசாலைக்குப் போகிறார்கள்.

---

வவுனியாக்காரன் எழுதியது:

நான் பிறந்தது ஹட்டன் பக்கம். 77 கலவரத்துக்குப் பிறகு அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனார், அங்கே நம் ஆட்களுக்கு நடுவில் பாதுகாப்பாக இருக்கலாம் என்று. மலையிலிருந்து போன நிறையக் குடும்பங்களுக்கு அதுதான் நடந்தது, மழைக்குப் பயந்து போய் ஆற்றில் விழுந்த கதை. கடைசி வருடங்களில் இயக்கம் வீட்டுக்கு ஒருவர் கேட்டது, எங்கள் வீட்டிலிருந்து போனது தம்பி. 2009 மே வரைக்கும் அவன் உயிரோடு இருந்ததாகச் சொன்னார்கள். அவ்வளவுதான் தெரியும்.

இந்த நாட்டில் சிங்களக் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள், தமிழ்க் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள், ஒரே பாப்பரசர், ஒரே பூசை. தெற்கில் படைவீரருக்காக மெழுகுதிரி, வடக்கில் பிள்ளைகளுக்காக மெழுகுதிரி. இரண்டு பக்கமும் தங்கள் யுத்தம் நியாயமானது என்றுதான் நம்பியது. மறைக்கல்வி 2309இல் நிபந்தனை போட்டிருக்கிறது, எல்லா வழியும் அடைபட்டிருக்க வேண்டும், வெல்ல நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும், விளையும் கேடு தடுக்கும் கேட்டைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று. நல்ல நிபந்தனைதான். ஆனால் யார் அளந்து பார்ப்பது? யுத்தம் நடத்துகிறவனே அளக்கிறான். கொழுந்து நிறுக்கிற தராசு தோட்டத்துக்காரன் கையில் இருக்கிற மாதிரி. வடக்கில் மடுக் கோயிலில் இருக்கும் மாதாவின் சொரூபத்தையே 2008 ஏப்ரலில் செல்லடிக்குப் பயந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மாதாவே அகதி. பாப்பரசர் பிரான்சிஸ் 2020இல், நியாயமான யுத்தம் என்று பேச அந்தக் காலத்து அளவுகோல்களை இன்று எடுப்பது மிகவும் கடினம் என்ற கருத்தில் எழுதியபோது, எங்களுக்கு அது 11 வருடம் பிந்தி வந்த கடிதம்.

தாத்தா இஸ்தோப்பில் நின்றதை யுத்தத்தோடு சேர்த்துப் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் யாரை வெட்டுகிறோம் என்று முகத்தைப் பார்த்து வெட்டினார், ஏன் என்று அவருக்குத் தெரியும், எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரியும். செல்லடிக்கிறவனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அதனால் அந்த ஒரு வெட்டைக் காட்டி யாராவது படைக்கு ஆள் சேர்த்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

---

டிக்கோயா வாசகன் எழுதியது:

வவுனியாக்காரன் அண்ணன், தராசு உதாரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நியாய யுத்தக் கொள்கை சண்டையை நிறுத்திய இடத்தைத் தேடிப் பார்த்தால் அதிகம் அகப்படாது. தொடங்கி வைத்த இடங்கள்தான் அகப்படும்.

எதிர்த்துப் பேசிய ஆட்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குருநாகல் அங்கிலிக்கன் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, சிங்களவர், உடம்பு முடியாத நிலையில், 83 கலவரத்துக்காகச் சிங்களவர் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தன் ஆட்களுக்கே சொன்னார். அந்த ஒக்டோபரிலேயே இறந்துவிட்டார். ஊவாவில் புத்தளையில் பௌத்த கிராமத்து ஏழைகளோடு வாழ்ந்த பாதர் மைக்கல் ரொட்ரிகோவை 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசை வைத்துக்கொண்டிருந்தபோதே சுட்டார்கள். மிரட்டல் வந்தபோதே அவர் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை, துவக்கும் வாங்கவில்லை.

இஸ்தோப்பு, நேற்று இரவு உங்கள் தாத்தாவைப் பற்றி யோசித்தபோது ஒன்று ஞாபகம் வந்தது, எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியார் எழுதிய ஒழுங்குகளில் 13ஆவது இது. யுத்தத்தில் கொல்வதை நம் முன்னோர் கொலையாகக் கணக்கெடுக்கவில்லை, ஆனாலும் கை சுத்தமில்லாததால் அவர்கள் மூன்று வருடம் திருவிருந்திலிருந்து மட்டும் விலகியிருப்பது நல்லது என்கிறார். தண்டனையாக எழுதவில்லை, ஆலோசனையாக எழுதினார். குற்றமும் இல்லை, ஆனால் கை கழுவாமல் மேசைக்கு வரவும் வேண்டாம். பசிலியாரின் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார் உங்கள் தாத்தா, கவ்வாத்து வெட்டுகிற ஒரு தோட்ட உபதேசியார், அவராகவே அந்த இடத்துக்குப் போயிருக்கிறார். பாவமில்லை என்று சொன்ன ஐயரைவிட அவருக்கு வேதசாஸ்திரம் தெரிந்திருக்கிறது. என்ன, பசிலியார் மூன்று வருடம் கொடுத்தார், உங்கள் தாத்தா தனக்கு ஆயுள் கொடுத்துக்கொண்டார். அதுதான் எனக்கு மனதைப் பிசைகிறது.

---

கொழுந்துக்கூடை எழுதியது:

பசிலியார் ஒழுங்கு நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் என் அக்காவை மட்டும் மூன்று வருடம் வெளியே நிறுத்தாதீர்கள். அடித்தவனை முதலில் எட்டு வருடம் நிறுத்திவிட்டு அப்புறம் வாருங்கள்.

---

பனிக்குல்லா எழுதியது:

இதற்கு மேல் யாராவது பேச முடியுமா? 🙏

---

இஸ்தோப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பசிலியார் விஷயத்தை அம்மாவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இவ்வளவு காலம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

கலவரம் அடங்கிய பிறகும் நாங்கள் அரிசி, சீனி, மண்ணெண்ணெய் வாங்கியது பக்கத்துச் சிங்களக் கிராமத்து முதலாளியின் கடையில்தான், வேறு கடை நாலு மைல். அன்று இரவு லயத்தில் மிஞ்சியிருந்த கிழவிகளைத் தன் கடை ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றியதும் அதே முதலாளி. சம்பள நாளில் தாத்தா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவாராம். சாமான் கட்டி முடித்த பிறகும் கிளம்ப மாட்டார். கடை வாங்கில் உட்கார்ந்து, காசு கொடுக்க, மூட்டை தூக்க, பீடி பற்றவைக்க வருகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏன்ப்பா வீட்டுக்குப் போகலையா என்று கேட்டால், இந்தா போகலாம், இந்தா போகலாம் என்பாராம். 90ஆம் ஆண்டு வரைக்கும், கண் மங்குகிற வரைக்கும் அப்படித்தான் போனாராம்.

தேடின கை கிடைத்ததா என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. அது இடது கை என்று மட்டும் தாத்தா ஒரு தடவை சொன்னாராம்.